கார்டுக்குப் போகாத கணக்கு

நான் கம்பைலர் எழுதும் வேலையில் இருந்தேன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். என் மகன் கல்யாணத்தில் பெண் வீட்டார் ஒருவர், "கம்ப்ளெய்ன்ட் செக்‌ஷனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பெரிய பொய்யும் இல்லை.

என் கணவர் செல்வராஜ் பேருந்து ஓட்டியவர். அவருடைய வேலையை யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ கட்டுறா, அப்புறம் அவளே அவுக்குறா" என்பார். வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, என் வேலையை இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை என்று.

ஓய்வு பெற்ற பிறகு பழைய அலுவலகப் பிள்ளைகள் ஒருநாள் இங்கே சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். ஷர்மிளா என்ற பெண், "ஆண்ட்டி, இப்பல்லாம் எரர் மெசேஜ அப்படியே பேஸ்ட் பண்ணா ஏஐ ரீசன் சொல்லிடுது. நீங்கல்லாம் எப்படி மேனேஜ் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"எரர் வந்தாத்தானே பேஸ்ட் பண்ணுவ? வரவே இல்லன்னா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தட் இஸ் ஸ்கேரி லா" என்றாள். எரரே வராத ஒரு பிழையின் கதையைச் சொன்னேன். பிறகு எல்லாரும் சேர்ந்து அதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் இது.

படித்த காலத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் ஏழு ஆண்டுகள் நிரல் எழுதினேன். பகலில் அந்த வேலை, மாலையில் பட்டப்படிப்பு, இடையில் ஒரு மகன். பிறகு பூன் லே பக்கம் இருந்த ஒரு மென்பொருள் அலுவலகத்தில் கம்பைலர் குழுவில் இடம் கிடைத்தது. வீடு பிடோக்கில். தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ரயிலில் தினமும் போய்வந்தேன். நான் படித்த முக்கியமான எல்லாவற்றையும் அந்த ரயிலில் நின்றுகொண்டேதான் படித்தேன்.

வேலை இதுதான். நிரல் எழுதுகிறவர் மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறார். அதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். பெரிய கணக்குகளை வேகமாகப் போட இப்போது கணினிக்குள் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் சொருகிவிடுகிறார்கள். கணினிக்குப் புரியும் கட்டளை கார்டுக்குப் புரியாது. ஆகவே கம்பைலர் ஒரே நிரலை இரண்டு விதமாக மாற்றும். ஒன்று கணினிக்கு, மற்றது கார்டுக்கு. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துக் கட்டிவிடும். எல்லாவற்றையும் இணைத்து முழு நிரலாக்கும் கடைசிக் கட்டத்தில் அந்தக் கட்டைப் பிரித்து, அவரவர் பங்கை அவரவரிடம் கொடுக்க வேண்டும். கட்டுவதும் பிரிப்பதும் என் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் குழுத் தலைவர் ஞானரத்தினம். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அப்பா அந்தக் காலத்தில் அரசாங்கக் குமாஸ்தா. மகன் அந்தக் குமாஸ்தாவின் கையெழுத்தையும் வீட்டில் பேசிய தமிழையும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை. வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. அவர் விசைப்பலகையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். நிற்பது தெரியாது. குடையின் முனை தரையில் தட்டும், அப்போதுதான் தெரியும்.

யாராவது பிழையோடு அவரிடம் போனால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுவார். இடப்பக்கம் 'கண்டது'. வலப்பக்கம் 'நினைத்தது'. இரண்டையும் நிரப்பிக்கொண்டு வந்தால்தான் பேச்சு.

நான் சேர்ந்த முதல் மாதமே அந்தத் தாள் எனக்குக் கிடைத்தது. கட்டில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் எந்தக் கார்டுக்கானது என்று ஒரு பெயர்ச்சீட்டு உண்டு. நீளமான பெயர், இடையிடையே சிறுகோடுகள். ஒரு குறிப்பிட்ட கார்டின் பெயரில் ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு சிறுகோடுகள் வரவேண்டும். நான் ஒன்றுதான் போட்டிருந்தேன். பிரிக்கும் கருவி சீட்டைப் பார்த்தது, இது நமக்கில்லை என்று பேசாமல் போய்விட்டது. நான் நான்கு நாள் கார்டைச் சந்தேகப்பட்டேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். வேறு கார்டு கேட்டுக் கடிதம் எழுதினேன்.

"கார்டு பழுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். கண்டனீங்களோ, நினைச்சனீங்களோ?"

"கார்டுதான் சார். வேற என்ன இருக்க முடியும்?"

"அப்ப நினைச்சது. வலப்பக்கம் எழுதுங்கோ."

வலப்பக்கம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கத்துக்கு ஒன்றுமே இல்லையே என்று சீட்டை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதத் தொடங்கினேன். பாதியில் சிறுகோடு அகப்பட்டது. புதுக் கார்டு கேட்டு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இந்தப் பாடம் எனக்கு எவ்வளவு காலம் நினைவிருந்தது என்று கேட்டால், அடுத்தவர் தவறு செய்யும்போதெல்லாம் நன்றாக நினைவிருந்தது.

அந்த அடுத்தவர் பெரும்பாலும் ரஃபீக். எங்கள் குழு எழுதும் நிரல்களையும் வாடிக்கையாளர் அனுப்பும் நிரல்களையும் இரவு பகலாக இணைத்துப் பார்க்கும் பெரிய கணினி ஒன்று உண்டு. அதற்கு அவர்தான் பொறுப்பு. மார்சிலிங்கில் வீடு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒப்பந்த ஊழியர். ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.

ரஃபீக்கின் பேரில் ஒரு பழைய புகார் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில், கோப்புகள் அநாவசியமாகப் பெருத்திருக்கின்றன என்று அவற்றை இளைக்க வைக்கும் கட்டளை ஒன்றை ஓட்டிவிட்டார். அந்தக் கட்டளைக்குக் கார்டின் பங்கு என்னவென்று புரியவில்லை. வேண்டாத சதை என்று அதையும் வெட்டிவிட்டது. கோப்புகள் அழகாக இளைத்தன. கார்டுக்குத்தான் வேலையே இல்லாமல் போயிற்று. அரை நாளில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம். ரஃபீக்கும் அதற்குப் பிறகு அந்தக் கட்டளையின் பக்கமே போகவில்லை. நான்தான் மறக்கவில்லை.

இனி பெரிய கதைக்கு வருகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் மேடம் கோ என்று ஒருவர். நகரின் மையத்தில் ஓர் ஆய்வுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அடுக்குமாடி வீடுகளை எப்படித் தள்ளித் தள்ளிக் கட்டினால் இடையில் காற்று வரும், எப்படிக் கட்டினால் புழுங்கும் என்று கணக்குப் போடுவது அவர்கள் வேலை. எங்கள் கம்பைலரோடு, கார்டில், அவர்களுடைய முழுக் கணக்கு ஒன்பது நிமிடத்தில் முடியும்.

ஒருநாள் அது ஐந்து மணி நேரம் எடுத்தது.

விடை சரி. கடைசிப் புள்ளிவரை சரி. பிழைச்செய்தி ஒன்றுமில்லை, எச்சரிக்கையும் இல்லை. கணக்கு கார்டுக்குப் போகவே இல்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கணினியே தனியாக உட்கார்ந்து போட்டு முடித்திருந்தது. கார்டிடம் ஏதாவது சரியில்லை என்றால் சத்தம் போடாமல் தானே செய்துவிட வேண்டும் என்று அந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் நல்லெண்ணத்தில் வைத்த ஏற்பாடு அது. நல்லெண்ணம் இவ்வளவு தொந்தரவு கொடுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மேடம் கோ தொலைபேசியில் அழைத்தார். மூன்று வாரத்தில் வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால்தான் ஆய்வு தொடரும் என்றார். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பைலருக்குப் போய்விடுவதாக மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவர் போனால் எங்கள் குழுவையே கலைத்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு.

நிரலை வாங்கி என் கணினியில் ஓட்டினேன். ஒன்பது நிமிடம். ரஃபீக்கின் பெரிய கணினியில் ஓட்டினோம். ஐந்து மணி நேரம்.

எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ரஃபீக், நீ மறுபடியும் வெட்டிட்டியா?"

"அல்லாவே, இல்லக்கா. நான் ஒண்ணையும் வெட்டல."

"அப்புறம் ஏன் என்னோடதுல ஓடுது?"

"அது தெரியலக்கா. ஆனா நான் மேடம் அனுப்புன இன்ஸ்ட்ரக்‌ஷன் படிதான் எல்லாம் செய்யறேன். லைன் பை லைன்."

நான் கேட்கவில்லை. குழு முழுவதற்கும், மேலிடத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போட்டேன். 'கம்பைலரில் பிழை இல்லை. இணைக்கும் கணினியின் பராமரிப்பில் கோளாறு. ரஃபீக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.' மூன்றே வாக்கியம். எழுதியபோது சுருக்கமாக எழுதியதாக எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ரஃபீக் அந்தக் கணினியை முழுக்கத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினார். ஐந்து மணி நேரம். மறுபடியும் துடைத்தார். ஐந்து மணி நேரம். மூன்றாவது முறை துடைத்தபோது நான் அவருடன் பேசுவதையே குறைத்துவிட்டேன். லிஃப்டில் சேர்ந்து ஏற நேர்ந்தால் நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. எனக்கு அது தெரியும்.

விருந்தினர் வருவது திங்கட்கிழமை. முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம் என் பின்னால் குடை தட்டியது.

"மல்லிகா, மூண்டு கிழமை ஆச்சு. தாளைக் காட்டுங்கோ."

தாள் ஏது? மூத்த பொறியாளர் ஆன பிறகு நான் தாள் எழுதுவதை விட்டிருந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். எழுதினேன். வலப்பக்கம் ஒரே மூச்சில் நிரம்பியது. ரஃபீக் வெட்டியிருக்கலாம், பெரிய கணினியில் பழைய கோப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம், ரஃபீக் எதையோ மறைக்கலாம். இடப்பக்கம் இரண்டே வரி. இங்கே ஓடுகிறது. அங்கே ஓடவில்லை.

அவர் வலப்பக்கத்தைப் படிக்கவே இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஞானரத்தினம் சார் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"கட்டுக்குள்ள எத்தினை ஃபைல் போகுது?"

"நாப்பது சார்."

"எண்ணினனீங்களோ?"

"அது... நாப்பதுதான் சார். பிரிச்ச இடத்துல நாப்பது இருக்கு."

"நான் பிரிச்சதைக் கேக்கேல்லை. போனதைக் கேட்டனான்."

மேடம் கோவின் நிரலை ரஃபீக்கின் கணினி எப்படி இணைக்கிறதோ அதே வரிசையில் செய்யச் சொன்னார். அதில் ஒரு படி எனக்குப் புதிது. அவர்கள் கோப்புகளைத் தனித்தனியாக இணைப்பதில்லை. முதலில் எல்லாக் கோப்புகளையும் ஒரே தொகுப்பில் அடைத்துவிட்டு, அந்தத் தொகுப்பைத்தான் இணைக்கிறார்கள். நான் என் கணினியில் அவசரத்துக்கு அந்தப் படியைத் தாண்டிவிட்டுக் கோப்புகளை நேராகக் கொடுத்திருந்தேன். இதை அவரிடம் அப்போது சொல்லவில்லை.

தொகுப்புக்குள் இருக்கும் பெயர்களைப் பட்டியலாக அச்சடிக்கச் சொன்னார். திரையில் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். "கண் ஓடும். பென்சில் ஓடாது" என்றார். அச்சடித்தேன். பென்சிலால் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டு வந்தேன். பாதியைத் தாண்டியபோது 'யூடில்' என்ற பெயர் வந்தது. மேலே ஏற்கெனவே டிக் அடித்த பெயர். அதை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். கடைசியில், "நாப்பது சார்" என்றேன் வெற்றியோடு.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதை ஏன் வெட்டினனீங்கள்?"

"ரெண்டு தரம் வந்திருக்கு சார். பிரிண்டிங் மிஸ்டேக்."

"அப்பிடியோ. பிரிண்டர் ஒரு பேரை மட்டும் விரும்பி ரெண்டு தரம் அடிச்சதோ?"

நான் அந்த வெட்டின வரியைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் கோப்பின் அளவு இருந்தது. மேலே இருந்த யூடிலின் அளவைப் பார்த்தேன். வேறு அளவு.

இரண்டு யூடில்.

நிரல் எழுதுகிற யாரும் எங்கே வைப்பது என்று தெரியாத சில்லறை வேலைகளை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு அதற்கு யூடில் என்று பெயர் வைப்பார்கள். மேடம் கோவிடம் காற்றைக் கணக்கிட ஒரு குழு, வெப்பத்தைக் கணக்கிட ஒரு குழு. இரண்டு குழுவும் தனித்தனி அடைவில், அதாவது ஃபோல்டரில், ஆளுக்கொரு யூடில் வைத்திருந்தார்கள். வெப்பக் குழு புதிதாகச் சேர்ந்தது. சரியாக மூன்று வாரத்துக்கு முன்னால். தொகுப்பில் அடைக்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. அதில் தவறில்லை. எங்கள் கருவி தொகுப்பைப் பிரித்து, கார்டின் பங்குகளை ஒரு தற்காலிக அடைவில் அதே பெயரில் எழுதி வைக்கும். முதல் யூடிலை எழுதியது. பிறகு இரண்டாவது யூடிலை அதன் மேலேயே எழுதியது. உள்ளே போனது நாற்பத்தொன்று, வெளியே வந்தது நாற்பது. நான் கோப்புகளை நேராகக் கொடுத்தபோது இரண்டும் அவரவர் அடைவிலேயே இருந்ததால் மோதவில்லை. மற்ற கோப்புகள் அதைத் தேடாததால் இணைக்கும்போது யாரும் புகார் சொல்லவில்லை. ஓடும்போது பட்டியலில் ஒன்று குறைவதைக் கண்ட அமைப்பு, நான் முன்பே சொன்ன நல்லெண்ணத்தோடு, கார்டையே விட்டுவிட்டுக் கணினியிடம் எல்லாவற்றையும் கொடுத்தது.

என் பென்சில் செய்ததையேதான் அந்தக் கருவியும் செய்திருந்தது.

"இந்தப் பிரிக்கிற பகுதி ஆர் எழுதினது?" என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசையாக இருந்தது. நிரலைத் திறந்தேன். அந்த இடத்துக்கு மேலே ஒரு குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. 'ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வராது என்று எடுத்துக்கொள்கிறோம்.' பக்கத்தில் எழுதியவர் பெயர். மல்லிகா செல்வராஜ். ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது.

ஞானரத்தினம் சார் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் தாளின் இடப்பக்கத்தில், அவருடைய அழகான குமாஸ்தாக் கையெழுத்தில் மூன்றாவது வரியாக என் பெயரை எழுதினார்.

"இது கண்டது" என்றார்.

"சார், ரஃபீக்கிட்ட நீங்க சொல்லிடறீங்களா?"

"நான் ஏன் சொல்லவேணும்? மெயில் போட்டது நானோ?"

ரஃபீக் அன்று மத்தியானம் விடுப்பில் போயிருந்தார். கைத்தொலைபேசியில் அவருக்கு ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். 'சின்ன விஷயம்' என்று தொடங்கியிருந்தது. அதையும் அழித்தேன். இதெல்லாம் நேரில்தான் சொல்ல வேண்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அலுவலகம் போய்ச் சரிசெய்தேன். எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வரிசை எண் சேர்த்தால் போதும். இரண்டே வரி. என் கணினியில், இந்த முறை எந்தப் படியையும் தாண்டாமல் ஓட்டினேன், மேடம் கோவின் கணக்கு ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. மூன்று வாரம், இரண்டு வரி.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனேன். கணவர் வவ்வால் மீன் கேட்டிருந்தார். மீன்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால், "அக்கா!" என்று குரல். ரஃபீக். பக்கத்தில் அவர் மனைவி நூர்ஜஹான். நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்தவர்.

"மல்லிகாக்காவா? இவரு வீட்டுல எப்பப் பாத்தாலும் உங்களப் பத்திதான்" என்றார் நூர்ஜஹான், என் கையைப் பிடித்துக்கொண்டு.

"என்னப் பத்தியா?"

"அக்கா மாதிரி இந்த வேலை தெரிஞ்சவங்க சிங்கப்பூர்லயே இல்லைம்பாரு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், மெஷின்லதான் எங்கயோ கோளாறு, என் கண்ணுக்குத்தான் படலன்னு மூணு வாரமா ஒரே புலம்பல். நேத்து லீவுலா, நேத்தும் உக்காந்து ரிமோட்ல அந்த மெஷின நோண்டிக்கிட்டு இருந்தாரு. சோறு சாப்பிடவே கூப்பிட்டுக் கூப்பிட்டு..."

"ஏய், சும்மா இரு" என்றார் ரஃபீக். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்குள்ள எப்படியாச்சும் பிடிச்சிடலாம்க்கா" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். மீன்காரர், "இதான, ஆண்ட்டி?" என்றார். "இதான், இதான்" என்று அவர் காட்டியதை வாங்கிக்கொண்டு, பேருந்து வந்துவிட்டது என்று சொல்லி நடந்தேன். நான் ரயிலில் வந்தவள். வீட்டில் பையைத் திறந்து பார்த்த கணவர், "வவ்வால் கேட்டா சூரை வாங்கியாந்திருக்க. ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்றார்.

திங்கட்கிழமை காலையில் திருத்திய கம்பைலரை மேடம் கோவுக்கு அனுப்பிவைத்தோம். சரியாகிவிட்டது, பழைய வேகம் வந்துவிட்டது என்று குறிப்பும் எழுதினேன். மூன்று வாரமாக நான் அனுப்பிய ஒவ்வொரு குறிப்பிலும் 'இதோ சரியாகிவிடும்' என்றே இருந்ததால் அவர் அதை நம்பவில்லை. அவர் தன் பாதுகாப்புக்கு வேறு ஏற்பாடு செய்திருந்தார். முழுக் கணக்கைப் போடாமல், மெதுவான வேகத்திலேயே முக்கால் மணி நேரத்தில் முடியும்படி ஒரு சிறிய கணக்கைத் தயார் செய்திருந்தார். கணக்கைத் தொடங்கிவைத்துவிட்டு வரவேற்புரை. பிறகு தேநீர், உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப். எல்லாரும் உட்காரும்போது திரையில் விடை. நிகழ்ச்சி நிரலை அச்சடித்து நாற்காலிதோறும் வைத்திருந்தார்.

நானும் சாரும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். கணினியைக் கவனிக்க ரஃபீக்கும் வந்திருந்தார், அரங்கின் பின்பக்கம் நின்றார். விருந்தினர்கள் உள்ளே வந்து நாற்காலி தேடிக்கொண்டிருக்கும்போதே மேடம் கோ பொத்தானை அழுத்தினார். எல்லாரும் உட்காருவதற்குள் விடை திரையில் வந்துவிட்டது. நீலமும் சிவப்புமாக அடுக்குமாடிகளுக்கு இடையில் காற்று அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் கோ திரையைப் பார்த்தார். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். என்னிடம் விரைந்து வந்து குனிந்து, "மல்லிகா, டூ ஃபாஸ்ட் லா! அந்த பக் மறுபடியும் போட முடியுமா? ஜஸ்ட் ஃபார் டுடே?" என்றார்.

நான் இந்தத் தொழிலில் எத்தனையோ வேண்டுகோள்களைக் கேட்டிருக்கிறேன். இது ஒன்றுதான் இப்படி.

முடியாது என்றேன். தேநீர் இன்னும் வரவில்லை. அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு நிமிர்ந்து ஒலிபெருக்கியை எடுத்து, இந்த வேகத்துக்குப் பின்னால் மூன்று வாரக் கதை ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவரே சொல்வார் என்று அறிவித்துவிட்டு ஒலிபெருக்கியை என் கையில் வைத்தார்.

சொன்னேன். கட்டுவது, பிரிப்பது, நாற்பத்தொன்று, நாற்பது, இரண்டு யூடில். பென்சிலால் நானே வெட்டியதைச் சொன்னபோது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. அப்படியே முடித்துவிடலாம் என்று இருந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளை முடி அம்மையார் ஒருவர் கையைத் தூக்கினார்.

"நல்ல கதை. கடைசியில் அது யாருடைய பிழை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஞானரத்தினம் சார் குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டவில்லை. பின்னால் தேநீர் வண்டி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. ரஃபீக் அதிலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்துக் கடித்திருந்தார்.

"என்னுடையது" என்றேன். அதோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. "ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியது. ஆனால் மூன்று வாரமாக அதோ அங்கே நிற்கும் ரஃபீக்கின் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் எழுதியும் அனுப்பினேன். அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். நான்தான் ஒரு படியைத் தாண்டிவிட்டுச் செய்தேன்."

அரங்கம் முழுவதும் திரும்பி ரஃபீக்கைப் பார்த்தது. வாய் நிறையக் கறிபாப். விழுங்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார். யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். மேடம் கோ அந்த நேரத்தில் என் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கி, தேநீர் வந்துவிட்டது என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு ரஃபீக்கிடம் போனேன்.

"ஞாயித்துக்கிழமையே தெரியுமாக்கா?"

"வெள்ளிக்கிழமையே தெரியும்."

"அதான் நூர்ஜஹான் கேட்டா, அந்தக்கா ஏன் மீன திருடிக்கிட்டு ஓடுற மாதிரி ஓடுறாங்கன்னு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இங்க சொன்னது இவங்களுக்குத்தான்க்கா தெரியும். ஆபீஸ்ல மெயில்ல போட்டீங்கல்ல? அது அப்படியேதான் இருக்கு. மேல உள்ளவங்க அதப் பாத்துத்தான் என் கான்ட்ராக்ட் சைன் பண்ணுவாங்க."

அங்கேயே நின்று கைத்தொலைபேசியில் எழுதினேன். முன்பு அனுப்பிய அத்தனை பேருக்கும். எழுதி அவரிடம் காட்டினேன். அவர் படித்தார். நெற்றி சுருங்கியது.

"மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"எனக்கு ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்கும் இல்லக்கா. நான் மொதல்லேர்ந்து வெட்டலன்னுதான் சொல்றேன்."

அந்தச் சொல்லை அழித்துவிட்டு, 'நான் சரிபார்க்காமல் ரஃபீக்கின் மேல் பழி போட்டது என் தவறு' என்று எழுதினேன். மறுபடி காட்டினேன். தலையை ஆட்டினார்.

"அனுப்பவா?" என்றேன்.

"நானே அழுத்துறேன்க்கா."

கொடுத்தேன். அழுத்தினார். உடனே அவருடைய சட்டைப்பையில் மணி அடித்தது. அந்தப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. தன் கைத்தொலைபேசியை எடுத்து, கறிபாப் எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவரைப் போல அந்த மின்னஞ்சலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா" என்றார்.